வாத்தியம் மாறினால் இசை மாறுமா?

மொடெஸ்ட் முசோர்க்ஸ்கி 1874 ஜூனில், மூன்றே வாரங்களில், பியானோவுக்கென்று ஒரு தொகுப்பை எழுதி முடித்தார். முந்தைய ஆண்டு இறந்துபோன நண்பர் விக்டர் ஹார்ட்மனின் ஓவியங்களையும் கட்டட வரைபடங்களையும் திரட்டி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் வைத்த நினைவுக் கண்காட்சிதான் தூண்டுதல். 'கண்காட்சிச் சித்திரங்கள்' என்ற அந்தத் தொகுப்பு அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. 1922இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ராவெல் அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் அது உலகெங்கும் பரவியது. கச்சேரி நிரல்களில் இன்று 'முசோர்க்ஸ்கி–ராவெல்' என்று இரண்டு பெயர்களும் சேர்ந்தே அச்சாகின்றன. ராவெல் ஒரு மெட்டைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. பிறகு எதன் பேரில் அவர் பெயர் அங்கே நிற்கிறது?

ஓர் இசைப்படைப்பை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுகிறவர் செய்வது படைப்பா, பணிவிடையா, விளக்கமா? இதற்கு முந்நூறு ஆண்டுகளாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பதிலும் அது பிறந்த காலத்தின் வாத்தியங்களையும் வழக்கங்களையும் சார்ந்திருப்பதால், அவற்றை அந்தப் பின்னணியோடு பார்ப்பதே நியாயம்.

சுரமே சரக்கு, வாத்தியம் உடை

மிகப் பழைய கட்சி இது. இசையின் சாரம் சுரங்களின் வரிசையிலும் அவை ஒன்றோடொன்று கூடும் முறையிலும் லயத்திலும் இருக்கிறது. எந்த வாத்தியத்தில் ஒலிக்கிறது என்பது அதற்குப் போர்த்திய உடை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் யாரும் இதை ஒரு கொள்கையாக முழங்கத் தேவை இருக்கவில்லை. அன்றாட வழக்கமே அப்படித்தான் இருந்தது. விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய கான்செர்ட்டோவை பாக் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினார். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் எழுதிய 'ஃபியூகின் கலை'யில் எந்த வாத்தியம் என்று அவர் குறிப்பிடவே இல்லை. அந்த மௌனத்தை அழைப்பாக எடுத்துக்கொண்டு வோல்ஃப்காங் கிரேசர் என்ற இளைஞர் அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்தார். 1927இல் லைப்சிக்கில் அது அரங்கேறியது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கட்சி அந்நியமாகத் தோன்றாது. ஒரு கிருதியைப் பாடினாலும் வீணையில் வாசித்தாலும் நாகஸ்வரத்தில் ஊதினாலும் அது அதே கிருதிதான் என்று கர்நாடக இசை மரபு கேள்வியே இல்லாமல் ஏற்கிறது. ஆங்கிலேயப் பட்டாளத்து பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்களாக ஆக்கியபோதும் பித்தளைக் குழலின் ஒலியை விட்டுவிட்டு மெட்டை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய ஐரோப்பாவில் இந்தக் கட்சிக்கு நடைமுறை ஆதரவும் பலமாக இருந்தது. சிம்பொனி எதுவானாலும் வீட்டுப் பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்கும் பதிப்பு வழியாகவே பெரும்பாலானோரைச் சென்றடைந்தது. 1835இல் ஷூமன் பெர்லியோஸின் 'கற்பனை சிம்பொனி' பற்றி எழுதிய நீண்ட விமர்சனம் இசை விமர்சன வரலாற்றில் ஒரு மைல்கல். அதை எழுதும்போது அவர் முன் ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் இல்லை. லிஸ்ட் செய்த பியானோ வடிவம் மட்டுமே இருந்தது. அந்த வடிவத்தைக் கொண்டே அவர் படைப்பின் கட்டமைப்பை அலசினார், ஹார்மனியை எடைபோட்டார்.

பலவீனமும் அதே உதாரணத்தில்தான் இருக்கிறது. அந்த சிம்பொனியின் மூன்றாம் பகுதி முடிவில் தனியாக ஒரு இங்லிஷ் ஹார்ன் அழைக்கிறது. பதிலாக நான்கு டிம்பனிகளில் தொலைதூர இடி மெல்ல உருளுகிறது. பியானோவில் அந்த இடத்தில் மிஞ்சுவது கீழ்ஸ்தாயியில் ஒரு முணுமுணுப்பு. எது எழுதப்பட்டது என்று ஷூமனால் படித்தறிய முடிந்தது. அது என்ன செய்யும் என்பதற்குக் காது தேவைப்பட்டது.

நிறமே உயிர்

எதிர்க் கட்சி பெர்லியோஸிடமிருந்தே கிளம்பியது. 1844இல் நூலாக வந்த அவருடைய வாத்திய நூல், ஒவ்வொரு வாத்தியத்தின் எல்லையை மட்டும் சொல்லி நிற்காமல், அதன் குணத்தையும் அது எழுப்பும் உணர்வையும் விவரித்தது. ஒரே சுருதியில் ஒலிக்கும் ஓபோவையும் கிளாரினெட்டையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிகிறோமே, அந்தத் தன்மையை, ஒலிநிறத்தை, மெட்டுக்கும் ஹார்மனிக்கும் சமமான ஆசனத்தில் உட்காரவைத்த முதல் பெரிய முயற்சி இது எனலாம். பெர்லியோஸ் பியானோ வாசித்து வளர்ந்தவர் அல்ல. அவருக்குப் பழக்கமானவை கிதாரும் குழலும். பியானோ விசைகளின் முன் உட்கார்ந்து யோசிக்காத ஒருவரிடமிருந்து இந்தச் சிந்தனை பிறந்தது தற்செயல் இல்லை என்று கருத இடமுண்டு.

ரிம்ஸ்கி-கோர்சகோவ் இதை இன்னும் கறாராகச் சொன்னார். அவர் இறந்தபின் 1913இல் வெளிவந்த நூலின் முன்னுரையில், நல்ல ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு பிறக்கும்போதே வாத்திய ஒலியோடு பிறக்கிறது, ஆகவே ஒரு படைப்பு 'நன்றாக வாத்தியமாக்கப்பட்டிருக்கிறது' என்று தனியாகப் பாராட்டுவதே பிழை என்ற நிலையை எடுத்தார். வாக்னரின் 'ரைன்கோல்டு' தொடக்கத்தைக் கேட்டவர்கள் இதை எளிதில் ஏற்பார்கள். 136 அளவைகள் நீளத்துக்கு ஒரே ஒரு ஸ்வரக்கூட்டு. எட்டு ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. சுரங்களை மட்டும் தாளில் எழுதிப் பார்த்தால் அங்கே ஏறத்தாழ எதுவும் நடக்கவில்லை.

ஆனால் பிராம்ஸ் இந்தக் கட்சிக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறார். 1873இல் எழுதிய ஹைடன் மெட்டு வேரியேஷன்களை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒன்று, இரண்டு பியானோக்களுக்கு ஒன்று என இரு வடிவங்களில் வெளியிட்டார்; 56அ, 56ஆ என ஒரே எண்ணின் கீழ், இரண்டையும் முழுமையானவையாகவே. அவருடைய பியானோ குவின்டெட் முதலில் தந்தி வாத்தியங்களுக்காகவும் பிறகு இரண்டு பியானோக்களுக்காகவும் எழுதப்பட்டு, அதன் பின்னரே இன்றைய வடிவத்தை அடைந்தது. நிறமே உயிர் என்றால் இங்கே உயிர் எத்தனை முறை மாறியது?

இதைவிடக் கடினமான சங்கடம் ரிம்ஸ்கி-கோர்சகோவின் சொந்த நடத்தை. முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொதுனோவ்' ஓபராவை அவர் 1896இலும் மீண்டும் 1908இலும் மறுவாத்தியம் செய்தார். ஹார்மனியையும் காட்சி வரிசையையும்கூட மாற்றினார். வாத்தியமாக்கல் படைப்பின் உயிரோடு ஒட்டியது என்றவர், இறந்த நண்பரின் படைப்பில் அதையே பிரித்தெடுத்து மாற்றிவிட்டார். மூலம் அழிந்துபோகவில்லை, வேண்டுவோர் என்றாவது அதை அரங்கேற்றலாம் என்று அவரே எழுதிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித்தான் நடந்தது. அவருடைய வடிவம்தான் அந்த ஓபராவை உலகுக்கு எடுத்துச் சென்றது; பல பத்தாண்டுகள் கழித்து அதே உலகம் முசோர்க்ஸ்கியின் கரடுமுரடான ஒலியை விரும்பித் திரும்பிச் சென்றது. இடையில் ஷொஸ்தகோவிச் 1940இல் இன்னொரு வடிவம் செய்தார். ஒரே ஓபரா, மூன்று ஒலிகள். மூலத்தின் முரட்டுத்தனம் திறமைக் குறைவு அல்ல, அது ஒரு தேர்வு என்ற இன்றைய பரவலான கருத்து எனக்கும் சரியாகவே படுகிறது. ஆயினும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இல்லாமல் அந்தத் தேர்வைத் தேடிப்போக யாருக்கும் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

ஒரு ஹார்ன் அழைப்பும் ஒரு துண்டுப்பிரசுரமும்

மூன்றாவது கட்சி வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறது. இசையமைப்பாளர் விரும்பியது ஒன்று, அவர் காலத்து வாத்தியம் அனுமதித்தது வேறொன்று; இன்று தடை நீங்கிவிட்டதால் அவர் விருப்பத்தை நாம் நிறைவேற்றலாம் என்பது இதன் வாதம்.

பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, முதல் பகுதி. இரண்டாம் கருத்துக்கு முன்னறிவிப்பாக ஹார்ன்கள் ஓர் அழைப்பை முழங்குகின்றன. பின்னர் அதே இசை வேறொரு ஸ்தானத்தில் திரும்பி வரும்போது அந்த அழைப்பு பஸூன்களுக்குப் போய்விடுகிறது. வால்வு இல்லாத அன்றைய ஹார்ன் ஒரு ஸ்தானத்துக்குரிய சுரங்களையே ஊத வல்லது. ஸ்தானத்தை மாற்ற வேண்டுமானால் குழாயைக் கழற்றி வேறு குழாய் பொருத்த வேண்டும். பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை கிடைத்தது 1818இல். சிம்பொனி அரங்கேறியதோ 1808இல். ஆகவே பேத்தோவன் மனதில் ஹார்ன்தான் இருந்தது என்று முடிவுகட்டிப் பல கண்டக்டர்கள் பஸூனை நீக்கி ஹார்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வாதம் உறுதியாகத் தெரிகிறது, ஆனால் முழுமையாக இல்லை. அதே ஆர்க்கெஸ்ட்ராவில் அந்த ஸ்தானத்துக்கே பொருந்திய டிரம்பெட்கள் இருந்தன. பேத்தோவன் அவற்றிடம் அழைப்பைக் கொடுக்கவில்லை. பஸூனின் அடக்கமான, சற்றே மூக்கடைத்த குரல் அவருக்கு அங்கே வேண்டியிருந்ததோ என்னவோ. வாத்தியத்தின் குறையோடு போராடி எழுதுபவர் அந்தப் போராட்டத்திலிருந்து ஒரு புதிய கருத்தை அடையவும் கூடும். அதைத் தடை என்று கருதித் துடைத்தெறிந்தால் கருத்தும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கட்சியின் மிகப் பெரிய வழக்கறிஞர் மாலர். 1900 பிப்ரவரியில் வியன்னாவில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் தம் திருத்தங்களோடு நடத்தினார். கண்டனம் எழுந்தது. மறுநிகழ்ச்சியில் பார்வையாளர்களுக்குத் துண்டுப்பிரசுரம் வினியோகித்துத் தம் பக்கத்தைச் சொன்னார்: பேத்தோவனின் செவிட்டுத்தன்மை, அன்றைய பித்தளை வாத்தியங்களின் குறை, பெருத்துவிட்ட இன்றைய தந்திப் பிரிவு ஆகியவை உள்குரல்களை மூழ்கடிக்கின்றன; தாம் காப்பாற்றுவது பேத்தோவனின் நோக்கத்தையே. வாக்னர் 1873இலேயே இதே சிம்பொனி பற்றிக் கிட்டத்தட்ட இப்படி எழுதியிருந்தார். ஷூமனின் சிம்பொனிகளையும் மாலர் திருத்தினார். தடித்த வாத்தியமாக்கல் என்ற குற்றச்சாட்டு ஷூமன் மீது நெடுங்காலம் இருந்தது.

இந்தக் கட்சியைத் தளர்த்தியது வேறொரு கொள்கை அல்ல, ஒரு பரிசோதனை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோஜர் நாரிங்டன், ஜான் எலியட் கார்டினர் போன்றோர் பழைய வகை வாத்தியங்களில், சிறிய குழுக்களோடு இந்த சிம்பொனிகளை நடத்திக் காட்டினார்கள். தடித்தது என்று சொல்லப்பட்ட ஷூமன் அங்கே தெளிவாக ஒலித்தார். பிழை எழுத்தில் இருந்ததா, நாம் அதை வாசித்த வாத்தியத்தில் இருந்ததா என்ற சந்தேகம் அதன்பின் நீங்கவே இல்லை.

உரையாசிரியராக வாத்தியமாக்குபவர்

நான்காவது கட்சி மூலத்தின் நோக்கத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. மூலத்துக்கு உரை எழுதுவதாகச் சொல்கிறது. 1935இல் வெபர்ன், பாக்கின் 'இசைக் காணிக்கை'யில் உள்ள ஆறு குரல் ரிச்செர்காரை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி முடித்தார். மன்னர் ஃபிரெடெரிக் கொடுத்த அந்த ஒரு கருவை டிராம்போன், ஹார்ன், டிரம்பெட் எனச் சில சுரங்களுக்கு ஒரு வாத்தியமாகப் பிரித்தார். இடையிடையே ஹார்ப் ஒற்றைச் சுரத்தால் தொட்டுச் செல்கிறது. கருவுக்குள் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு உறவுடையது என்ற தம் வாசிப்பை அவர் ஒலியாக்கிக் காட்டினார். ஷேன்பெர்க் 1911இலேயே, சுரங்கள் மாறாமல் நிறங்கள் மட்டும் மாறி ஒரு மெட்டாக இயலும் என்ற எண்ணத்தைத் தம் ஹார்மனி நூலின் இறுதியில் முன்வைத்திருந்தார். வெபர்னின் பாக் அந்த விதையின் கனி.

அதே ஷேன்பெர்க் 1937இல் பிராம்ஸின் ஜி மைனர் பியானோ குவார்டெட்டை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அவர் சொன்ன காரணம் மிக எளிமையானது: படைப்பு பிடிக்கும், அரிதாகவே வாசிக்கப்படுகிறது, வாசிக்கும்போதும் பியானோ தந்திகளை அமுக்கிவிடுகிறது, எல்லாவற்றையும் ஒருமுறை கேட்க வேண்டும். பிராம்ஸ் தொட்டிராத சைலஃபோனும் கிளாக்கன்ஸ்பீலும் அதில் இருக்கின்றன. உள்குரல்களைக் கேட்கச் செய்வதற்கு அவை உதவுகின்றனவா, இருபதாம் நூற்றாண்டின் ருசியைத் திணிக்கின்றனவா என்பதில் கேட்போர் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள்.

இந்தக் கட்சியின் பலவீனம், எதையும் நியாயப்படுத்திவிடலாம் என்பது. பாக்கின் டி மைனர் ஆர்கன் டொக்காட்டாவை ஸ்டொக்கோவ்ஸ்கி பிரம்மாண்டமாக்கியதும் உரை என்றால், நல்ல உரையையும் மோசமான உரையையும் பிரிக்க அளவுகோல் வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை.

மாட்டு வண்டி எங்கிருந்து புறப்பட்டது?

ராவெலிடம் திரும்பினால் இந்தக் கட்சிகள் எல்லாமே ஒரே பக்கத்தில் மோதுவதைப் பார்க்கலாம். தொகுப்பில் 'பிட்லோ' என்ற பகுதி, பெரிய சக்கரங்கள் கொண்ட போலந்து மாட்டு வண்டி. ராவெலின் வடிவத்தில் அது மெல்லத் தொடங்கி, உயரத்தில் பாடும் ஒரு டியூபாவின் ஏக்கக் குரலோடு நெருங்கி வந்து, பெருத்து, விலகிப்போகிறது. தொகுப்பிலேயே மிகவும் விரும்பப்படும் பகுதிகளில் ஒன்று. ஆனால் முசோர்க்ஸ்கியின் கையெழுத்தில் வண்டி முதல் சுரத்திலிருந்தே முழு ஓசையோடு நம் முன்னால் நிற்கிறது. மெல்லத் தொடங்கச் சொன்னது 1886இல் முதல் பதிப்பைத் தயாரித்த ரிம்ஸ்கி-கோர்சகோவ். ராவெலிடம் இருந்தது அந்தப் பதிப்பு. தூரத்திலிருந்து வரும் வண்டி பதிப்பாசிரியரின் கற்பனை. ராவெல் அதற்கு உயிர் கொடுத்தார். பின்னால் வந்த சிலர் கையெழுத்துப் பிரதியைப் பின்பற்றி வண்டியை ஆரம்பத்திலேயே உரக்க ஓட்டினார்கள். மூலத்துக்கு அது நெருக்கம். ராவெலைவிடச் சிறந்ததா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

'பழைய கோட்டை'யில் ராவெல் ஆல்டோ சாக்ஸஃபோனைத் தேர்ந்தார். பியானோவில் அடித்த சுரம் அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும்; விரலை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அதை வளர்க்க இயலாது. ஆகவே அந்த மெட்டின் ஒவ்வொரு நீண்ட சுரமும் நடுவில் வளர வேண்டுமா, தணிய வேண்டுமா, நடுங்க வேண்டுமா என்று பியானோ எழுத்து எதையும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. மூச்சால் ஊதும் வாத்தியத்திடம் கொடுத்தவுடன் அவை எல்லாவற்றுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வாத்தியமாக்குபவரின் பங்கு இங்கேதான் அளவிடக் கூடியதாகிறது என்று எனக்குப் படுகிறது. மூல எழுத்து எதைத் தீர்மானித்தது, எதைத் திறந்துவிட்டது, தீர்மானித்தவற்றில் எதை இவர் மீறினார் என்ற மூன்றையும் பிரித்துக் கேட்டால், படைப்பா பணிவிடையா என்ற பொதுக் கேள்வி அநேக இடங்களில் அளவளவாகக் கரைந்துவிடுகிறது. புசோனி 1907இல், இசையை எழுத்தில் இறக்குவதே முதல் மாற்றுவடிவம் என்று வாதாடினார். அது மிகைதான், ஆனால் எழுத்தில் இடைவெளிகள் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

பெயர் அச்சாகாதவர்கள்

தொழில்முறை இசைக்கு இந்த விவாதம் சோற்றோடும் பெயரோடும் சம்பந்தப்பட்டது. 1924 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய 'ராப்சடி இன் ப்ளூ' கெர்ஷ்வினுடையது. பால் வைட்மன் பேண்டுக்கு அதை வாத்தியமாக்கியவர் ஃபெர்டே கிரோஃபே. இன்று சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிக்கும் வடிவமும் அவர் செய்ததே. அந்தப் படைப்பின் அடையாளமாகிவிட்ட தொடக்க ஒலி, கிளாரினெட் வழுக்கிக்கொண்டே மேலேறுவது, ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்ற கலைஞர் செய்து காட்டியது. அடுத்த ஆண்டு கெர்ஷ்வின் தம் பியானோ கான்செர்ட்டோவைத் தாமே வாத்தியமாக்கினார். பிராட்வேயில் ராபர்ட் ரஸ்ஸல் பென்னெட் போன்றோர் பல பத்தாண்டுகள் எண்ணற்ற மேடை நாடகங்களுக்கு ஒலி கொடுத்தும், டோனி விருதில் இந்தக் கலைக்குத் தனிப் பரிசு வந்தது 1997இல்தான்.

பம்பாய்த் திரையுலகில் சங்கர்–ஜெய்கிஷன் பாடல்களுக்கு செபாஸ்டியன் டிசோசா அமைத்த வயலின் பகுதிகள் இல்லாமல் அந்தப் பாடல்களை நினைத்துப் பார்ப்பதே கடினம். நொட்டேஷன் எழுதவும் படிக்கவும் தெரிந்த கோவாக் கலைஞர்கள் பலரின் உழைப்பு 'உதவி' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போனது. கிரிகரி பூத் 2008இல் வெளியிட்ட நூல் இந்தக் கலைஞர்களை நேர்கண்டு பதிவுசெய்தது. அத்தகைய வேலை சென்னைக்கும் முழுமையாக நடக்க வேண்டும். இளையராஜா மெட்டையும் முழு ஸ்கோரையும் தாமே எழுதுகிறவர் என்பது இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு அரிதானது என்று விளங்குகிறது. அவரிடம் முன்னிசையும் இடையிசையும் மெட்டுக்குப் பின்னால் சேர்ந்தவை அல்ல; 'நிறமே உயிர்' கட்சிக்குத் தமிழில் கிடைக்கும் வலுவான சான்று அதுதான்.

சட்டம் தயங்கித் தயங்கி நகர்ந்திருக்கிறது. பெர்ன் உடன்படிக்கை மூலப் படைப்பாளியின் உரிமைக்குக் குந்தகமின்றி இசை மாற்றமைப்புக்கும் பாதுகாப்பு தருகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தொடக்கத்தில் இசையை மெட்டு, ஹார்மனி என்ற இரண்டால் மட்டுமே வரையறுத்தது. ஒலிநிறத்துக்கு அங்கே இடமில்லை. 1994 திருத்தம் வரையறையை விரித்தது. இங்கிலாந்தில் லலாண்ட் என்ற பழைய இசையமைப்பாளரின் படைப்புகளை வாசிக்கத் தக்க பதிப்பாக்கிய அறிஞர் லயனல் சாக்கின்ஸுக்கு அந்தப் பதிப்பில் தனி உரிமை உண்டு என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தத்துவவாதிகளும் வந்து சேர்ந்தார்கள். வாத்தியம் எதுவென்று குறிப்பதும் படைப்பின் அடையாளத்தில் அடங்கும் என்று ஜெரால்ட் லெவின்சன் 1980இல் வாதிட்டார். எப்படி ஒலிக்கிறது என்பதே போதும், அந்த ஒலியை எது எழுப்பினால் என்ன என்கிறார் ஜூலியன் டாட். இருவருமே இசையமைப்பாளர் குறித்துவைத்த ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். பாக் எதுவும் குறிக்காத இடத்தில் இந்தச் சண்டை அதிகம் உதவுவதில்லை.

இன்னும் தீராதவை

ஹார்மனிக்கும் கவுன்டர்பாயின்டுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் கோட்பாடுகள் உண்டு. வாத்தியமாக்கலுக்கு வால்டர் பிஸ்டன் 1955இலும் சாமுவேல் ஆட்லர் 1982இலும் எழுதியவை போன்ற சிறந்த பாடநூல்கள் இருந்தாலும், அவை வாத்தியங்களையும் நல்ல முன்மாதிரிகளையும் அறிமுகப்படுத்துகின்றன. ஒரு சேர்க்கை ஏன் ஒன்றாக உருகுகிறது, இன்னொன்று ஏன் பிரிந்து நிற்கிறது என்பதைப் பொது விதியாக்குவதில்லை. மாண்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மக்ஆடம்ஸ் உள்ளிட்டோர் ஒலிநிறத்தைச் செவி எப்படிப் பகுத்தறிகிறது என்று ஆராய்ந்து வருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் தனிச் சுரங்களை வைத்துக் கண்டறிவதை எண்பது பேர் வாசிக்கும் அரங்குக்கு எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இந்திய இசைக்குத் தனியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 1952இல் அகில இந்திய வானொலி தொடங்கிய வாத்திய விருந்தா, ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் வழிநடத்த, ராக இசையைப் பெருங்குழுவுக்கு எழுத முயன்றது. கமகம் ஒவ்வொரு விரலுக்கும் சற்று மாறுவது. பத்து வயலின்கள் ஒரே அசைவை வாசித்தால் அது கமகமாகவே இருக்கிறதா, இல்லை உறைந்துபோகிறதா? கேட்டவர்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையே கணினி பிரச்சினையைத் தலைகீழாக்கிவிட்டது. திரையிசையில் பலர் இன்று பியானோ வரைவு எழுதுவதில்லை. பதிவுசெய்த வாத்திய ஒலிகளைக் கொண்டு முழு ஆர்க்கெஸ்ட்ரா ஒலியையே முதலில் உருவாக்குகிறார்கள். அங்கே ஒரு புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி நான்கு ஹார்ன்களை மீறிக் கேட்கும். மைக்கின் நெருக்கமும் கலவைப் பலகையும் செய்த வேலை அது. நிஜ ஆர்க்கெஸ்ட்ரா முன் அந்த ஸ்கோரை வைத்தால் குழல் மூழ்கிப்போகும். இப்போது வாத்தியமாக்குபவரிடம் வந்து சேர்வது சுரமல்ல, நிறம். அதைக் காப்பாற்ற அவர் சுரங்களை மேலேற்றுகிறார், குரல்களை மாற்றிப் பங்கிடுகிறார், சிலவற்றை நீக்குகிறார். மேலே சொன்ன நான்கு கட்சிகளும் சுரம் கையில் இருக்கிறது, நிறத்தைத் தேட வேண்டும் என்று எண்ணியே உருவானவை. நிறம் முதலில் வந்து சுரம் அதற்கு வளைந்து கொடுக்கும்போது எழுதியவர் யார் என்பதற்கு அவற்றில் எதுவும் இதுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை.